நாளைப் போவாரைப் பாடியவர்: கோபாலகிருஷ்ண பாரதியார்

ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே புகை எழும்ப விழுகின்ற காவிரி, மேட்டூர் அணையில் தேங்கி, கொடுமுடியையும் திருச்சிராப்பள்ளியையும் திருவையாற்றையும் கடந்து, மாயூரம் வழியாகச் சென்று பூம்புகாரில் கடலொடு கலக்கின்றது. நம் பக்கத்தில் அதன் இரைச்சலே பாட்டு. வேறு பாட்டு அதனருகே எடுபடாது. அதே ஆறு சமவெளியில் அடங்கி, வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குப் பாயும் ஊர்களிலேதான் தென்னாட்டுச் சங்கீதம் செழித்தது. தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் திருவாரூரிலே பிறந்தவர்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையில், அதே வட்டாரத்தில் தோன்றி, தமிழிலே பாடி, பண்ணையாள் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவரது வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காக உழைக்கும் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், அந்தணர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நாட்டுப்புறத்தில் சங்கீதம் கேட்டு மகிழ்தல் என்பது எல்லார்க்கும் ஒரே வகையாக வாய்த்த இன்பமன்று. கச்சேரி நடந்த தெரு எது, பந்தலில் யார் அமர்ந்தார், யார் வரப்பில் நின்றார் என்பதெல்லாம் அந்த இன்பத்தின் பகுதிகளே. பந்தலுக்கு வெளியே நின்றவரின் கதையைப் பந்தலுக்குள்ளே பாடவைத்தவர் பாரதியார். அதனால் அவர் நமக்கு வேண்டியவராகிறார். அதனாலேயே அவரிடம் நமக்குச் சில வழக்குகளும் உண்டு.

பாரதியார் 1810ஆம் ஆண்டையொட்டி நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள நரிமணம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று எண்ணெய்க் கிணறுகளால் பேர்பெற்றிருக்கும் நரிமணம் அதுவே. தந்தையார் இராமசாமி பாரதி; குடும்பம் வழிவழியாக வீணையில் வல்லது. பிற்காலத்தில் முடிகொண்டான் என்னும் ஊரில் வாழ்ந்தமையால் முடிகொண்டான் பாரதியார் என்றும் அவரை வழங்குவர். இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, ஊர் ஊராய்த் திரிந்து, கிடைத்த இடத்தில் உண்டு, கற்றோர் இருக்குமிடம் தேடிச் சென்று கற்றவர். மாயூரத்தில் வேதாந்தமும் யோகமும் பயின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீடு, நிலம், சேமிப்பு என்று எதையும் தேடிக்கொள்ளவுமில்லை.

அக்காலத்தில் திருவிடைமருதூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்தின் கிளையார் அவை நடத்தி வந்தனர். அங்கிருந்த இராமதாசர் என்னும் வடநாட்டு வித்துவானிடம் பாரதியார் இந்துஸ்தானி இசையைப் பயின்றார். அதே அவையில் கனம் கிருஷ்ணையர் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத் தமிழ்ப் பதங்களின் நடையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார். ஒரு குருவின் வீட்டில் பன்னிரண்டாண்டு தங்கிப் பயின்ற கல்வியன்று அவருடையது. பெரும்பாலும் கேள்வியால் வந்தது. நம் பிள்ளைகள் பலருக்கும் கல்வி அப்படித்தான், சன்னலுக்கு வெளியே நின்று, வந்து சேர்ந்திருக்கிறது.

திருவையாற்றில் தியாகராசரை அவர் கண்டதாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. தியாகராசரின் மாணாக்கர்கள் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தனராம். வந்தவர் இன்னாரென்று அறிந்த தியாகராசர், அந்த இராகத்தில் தாங்கள் ஏதேனும் செய்திருக்கின்றீர்களா என்று வினவினாராம். அதுவரை செய்திராத பாரதியார் உடனே தில்லைப் பெருமான்மீது ஆபோகியில் ஒரு கீர்த்தனை இயற்றிப் பாடிக்காட்டினாராம். அக்கீர்த்தனை இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படுகின்றது. தியாகராசர் 1847இல் மறைந்தார். எனவே பாரதியாரின் நடுவயதிற்கு முன்னரே இது நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

மாயூரத்தை அடுத்துள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்னும் செல்வர் இருந்தார். அவர் பாரதியாரைத் தம் ஊரில் தங்கச் செய்து ஆதரித்தார். அங்கிருந்துகொண்டு பாரதியார் அடியார் வரலாறுகளைக் கீர்த்தனைகளாகச் செய்தார். திருநீலகண்ட நாயனார் சரித்திரம், இயற்பகை நாயனார் சரித்திரம், காரைக்காலம்மையார் சரித்திரம் ஆகியவை அவர் செய்தவை. இவை யாவற்றையும் மறைத்து மேலோங்கி நிற்பது நந்தனார் சரித்திரமே.

அந்நாளில் சிற்றூர்களில் கச்சேரி என்பது எப்படி நடந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சபா இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அறுவடை முடிந்த பின்னரோ கோயில் திருவிழாவிலோ, ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டு வாயிலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, குத்துவிளக்கும் தீவட்டியும் ஏற்றி, இரவு உணவுக்குப் பின் தொடங்குவார்கள். கதை சொல்பவர் பாடுவார், பாட்டை நிறுத்திப் பொருள் சொல்வார், மீண்டும் பாடுவார். பின்பாட்டுக்காரர் இருவர், தாளத்திற்குச் சாலரா, ஒரு மிருதங்கம் - இவ்வளவே பரிவாரம். ஒரே இரவில் கதை முடிந்துவிடாது. மூன்றிரவோ ஐந்திரவோ தொடரும். பகலெல்லாம் உழைத்தவன், நேற்று விட்ட இடம் எதுவென்று நினைவில் வைத்துக்கொண்டு வந்து அமர்வான். பிற்காலத்தில் மராத்தியரின் கீர்த்தன முறை கலந்து, சிப்ளாக்கட்டையுடன் அமைந்த கதாகாலட்சேபத்திற்கு இத்தகைய கதைப்பாடல்கள் உறுதியான அடித்தளமாயின.

சங்கீதம் கற்காதவன் எப்படி அதை அனுபவித்தான் என்று கேட்டால், கதை அவனுக்கு வழிகாட்டியது என்பதே விடை. தோடி இதுவென்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. கதையிலே ஒருவன் ஏங்கி நிற்கும்போது எந்த இராகம் வருகின்றதோ, அந்த இராகம் ஏக்கத்தின் குரல் என்று அவன் காது அறிந்துகொண்டது. அடுத்த முறை கதையின்றியே அவ்விராகம் ஒலித்தாலும் அவன் நெஞ்சு நெகிழ்ந்தது. இசையாசிரியர்கள் மாதக்கணக்கில் கற்பிப்பதை ஒரு கதை மூன்று இரவில் கற்பித்தது என்றால் மிகையாகாது. மேலும், தியாகராசரின் பாடல்கள் தெலுங்கிலும் தீட்சிதரின் பாடல்கள் பெரும்பாலும் வடமொழியிலும் அமைந்திருக்க, பாரதியாரின் பாட்டோ ஏர்க்காலில் நின்றவனுக்கும் விளங்கியது. அவர் கீர்த்தனைகளோடு நிற்கவில்லை. நொண்டிச்சிந்து, கும்மி, இலாவணி, கண்ணி என்று மக்கள் வாயில் வழங்கிய மெட்டுகளையெல்லாம் அதே கதையில் சேர்த்தார். மாஞ்சியும் மாயாமாளவகௌளையும் ஒரு பக்கம் ஒலிக்க, களத்துமேட்டுச் சிந்து மறுபக்கம் ஒலித்தது. பேச்சுவழக்குச் சொற்களை அவர் தள்ளவில்லை. இலக்கண வழுக்களைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இதனால் அவர் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி நந்தனாரிடம் வருவோம். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்னும் பெயரால் பாடுகின்றார். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர், ஊர்த்தொழில் புரிந்தவர். சேக்கிழார் சொல்லும் ஒரு செய்தியை நம்மவர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலும், அவற்றை இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் நந்தனாரே கொடுத்துவந்தார். கோயிலில் முழங்கிய இசை அவர் கையிலிருந்தே புறப்பட்டது. அவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். தோலைப் பதப்படுத்துவோனையும் பறை முழக்குவோனையும் தாழ்த்தி, அதே தோலின் ஒலியில் தெய்வத்தைக் கண்ட சமூகத்தின் முரண்பாடு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றது. திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டதும், தில்லையில் தீயில் மூழ்கி எழுந்ததும் சேக்கிழார் சொன்னவை.

சேக்கிழார் சொல்லாத ஒருவரைப் பாரதியார் கொண்டுவந்து சேர்த்தார். அவரே வேதியர், நிலத்தின் உடைமையாளர். நந்தனார் அவருடைய பண்ணையாள். பெரியபுராணத்தில் நந்தனாருக்குத் தடை அவருடைய பிறப்பு ஒன்றே. நாளைப் போவேன் என்று அவரே தம்மைத் தடுத்துக்கொள்கின்றார். பாரதியாரின் கதையில் தடை, உத்தரவு கொடாத எசமானர். சிதம்பரம் போய்வர ஒருநாள் விடுப்பு! அதுவே கதையின் முழுவழக்கு. வேதியர் ஏசுகின்றார், பயிர் வேலையைக் காட்டுகின்றார், கடைசியில், நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கின்றார். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேற்பட்டது என்றால் நாற்பது வேலி எவ்வளவு என்று மாணவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இரவோடிரவாகச் சிவகணங்கள் வேலையை முடித்து வைக்கின்றன. விடிந்ததும் வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகின்றார்.

இதைப் பாரதியார் எங்கே பாடினார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிராசுதாரர்கள் நிறைந்த ஊர்களில், அவர்களுடைய திண்ணைகளிலேயே பாடினார். கேட்டவர்களின் வயல்களில் மறுநாள் காலை நடவுக்கு இறங்கியவர்கள் படியாட்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றத்தின் துணை இல்லையென்று அறிவித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே ஆள் விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சோழநாட்டின் நடுவே, நிலவுடைமையாளன் ஆளின் காலில் விழுவதாக ஓர் அந்தணர் பாடினார். சட்டம் எட்டாத திண்ணைக்குப் பாட்டு எட்டியது. கேட்ட மிராசுதாரர்களில் எத்தனைபேர் மறுநாள் தம் ஆளுக்கு விடுப்பளித்தார்கள் என்பது வேறு செய்தி. அப்படி யாரும் அளித்ததாக நான் படித்ததில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விடை வேண்டுகிறேன். நம் தருமபுரி மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கூத்து விடியவிடிய நடக்கும். நம் தெருவிலும் நடக்கும். காலட்சேபம் அப்படியன்று, அது எப்போதோ வரும், மேலத்தெருவிலேதான் வரும். நான் சிறுவனாயிருந்தபோது, ஊர் பெயர் வேண்டா, ஒரு பாகவதர் வந்து மூன்றிரவு நந்தனார் சரித்திரம் நடத்தினார். எங்கள் தெருவார் ஏரிக்கரையின் மறுசரிவில் கோணிப்பையை விரித்து அமர்ந்து கேட்டோம். விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பாகவதர் முகம் தெரியவில்லை. நந்தனார் தில்லையின் எல்லையில் நின்று உள்ளே வர இசைவு வேண்டும் கட்டம் வந்தது. அதற்குரிய கீர்த்தனை மாஞ்சி இராகத்தில் அமைந்தது என்பதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தவை. கரையில் இருந்த முதியவர்கள் யாரும் பேசவில்லை. பறையடிப்பதில் வல்லவரான பெரியவர் ஒருவர் தம் முழங்காலில் விரலால் மெல்லத் தாளமிட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மிருதங்கக்காரர் சற்றே முந்திவிட்டார் என்று எங்களுக்குச் சொன்னார். சங்கீத ஞானம் பந்தலுக்குள்ளே மட்டும் அமர்ந்திருக்கவில்லை.

நூல் அச்சேறிய வரலாறும் சுவையானது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே அதிகாரியாயிருந்த சீசே துரை பாரதியாரின் பாட்டில் ஈடுபட்டு, நந்தனார் சரித்திரத்தை 1861இல் அச்சிட்டு வெளியிடச் செய்தார். சேரியில் பிறந்த அடியாரின் கதையை அந்தணர் பாட, வெள்ளைக்காரர் அச்சிட்டார். தமிழ்நாட்டின் பெரும்புலவர்கள் அதை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை.

அந்நாளில் ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் இல்லையென்றால் மதிப்பில்லை. மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நாடிப் பாரதியார் பலமுறை சென்றார். பிள்ளையவர்கள் கடல்போன்ற புலமையுடையவர்; இலக்கண வழுவைப் பொறாதவர். சரித்திரத்தில் வழுக்கள் இருந்தன. பெரியபுராணத்தில் இல்லாத செய்திகளும் இருந்தன. எனவே, ஏதேனும் காரணம் சொல்லி அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஒருநாள் நண்பகல் பாரதியார் சென்றபோது பிள்ளையவர்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். பாரதியார் திண்ணையில் அமர்ந்து, தமக்குத் தாமே சரித்திரக் கீர்த்தனை ஒன்றைப் பாடத் தொடங்கினார். பாட்டில் தம்மை மறந்து உருகினார். விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் எழுந்துவராமல் கேட்டுக்கொண்டேயிருந்தார். பாட்டு முடிந்ததும் வெளியே வந்தவர், இத்தனை நாள் அலையவைத்தமைக்கு வருந்திச் சிறப்புப்பாயிரம் அளித்தார். ஏட்டில் கண்டபோது வழுவாய்த் தெரிந்தது, வாயால் பாடக் கேட்டபோது உயிராய்த் தெரிந்தது. நேரில் கேட்டல் என்பதன் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையவர்களின் மாணாக்கராக 1871இல் மாயூரம் வந்த உ.வே. சாமிநாதையர், சிறிது காலம் பாரதியாரிடம் இசை பயின்றார். தமிழ்ப் படிப்புக்கு அது இடையூறாகும் என்று ஆசிரியர் கருதவே, பயிற்சியை நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் அந்நன்றி மறவாமல் பாரதியாரின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதி உதவினார். அவர் எழுதியிராவிடில் திண்ணைக் கதை உட்படப் பல செய்திகள் நமக்குக் கிடைத்திரா.

முதுமையிலும் பாரதியார் துறவிபோலவே வாழ்ந்தார். 1896இல் மறைந்தார் என்று இசை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

அவருக்குப் பின் சரித்திரம் அவரைவிட வேகமாக நடந்தது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதைத் தம் கதாகாலட்சேபங்களில் எடுத்தாண்டு ஊரெங்கும் பரப்பினார். மலிவுப் பதிப்புகள் சந்தைகளில் விற்றன. நாடகக் கம்பெனிகள் மேடையேற்றின. பின்னர்த் திரைப்படமும் வந்தது. காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராகவே வேடந்தாங்கி நடித்தார். அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. வேதியராக நடித்தவர் பெரும் சங்கீத வித்துவானாகிய மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். டூரிங் டாக்கீசுகள் சிற்றூர்களுக்கு வந்தபோது, தரை டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த எவரும் மணலில் அமர்ந்து இப்பாட்டுகளைக் கேட்க முடிந்தது. நம் மக்களில் பலர் முதன்முதலில் வெளிச்சத்தின் முன்னே அமர்ந்து சங்கீதம் கேட்டது சினிமாக் கொட்டகையிலேதான் என்று நான் கருதுகிறேன். திரைப்படத்தைப் பழிக்கும் சங்கீத அன்பர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

இனி வழக்குக்கு வருவோம். பாரதியார் வேதியரைக் காலில் விழவைத்தார். அதற்கு மேல் செல்லவில்லை. தில்லைக்குள் நுழைய நந்தனார் தீயில் மூழ்கியே ஆகவேண்டும் என்ற முடிவை அவர் மாற்றவில்லை. ஆளுக்கு விடுப்பு மறுத்தவர் திருந்திவிட்டார். பிறப்பைக் காரணம் காட்டிய கோயில் திருந்தவில்லை. தூய்மை பெற வேண்டியவராக நந்தனாரே நிற்கின்றார். சேரியின் சிறுதெய்வங்களையும் சேரிப் பெரியவர்களின் பேச்சையும் நகைப்புக்கு இடமாக்கிய பகுதிகளும் சரித்திரத்தில் உண்டு. பந்தலில் இருந்தவர்கள் சிரிக்க, ஏரிக்கரையில் இருந்தவர்கள் சிரிக்க முடியாத பகுதிகள் அவை. அயோத்திதாசப் பண்டிதர் இக்கதையையே ஏற்காமல், நந்தன் ஆண்டையிடம் கைகட்டி நின்ற ஆளல்லன், ஓர் அரசன் என்று எழுதினார். அவர் கூற்றை வரலாற்றாசிரியர்கள் எப்படி மதிப்பிட்டாலும், அதன்பின் உள்ள சினம் நியாயமானது.

தீ என்பது நம்மவர்க்கு வெறும் புராணச் செய்தியாக இருந்துவிடவில்லை. பாரதியார் பிறந்த அதே நாகப்பட்டினப் பகுதியில், கீழ்வெண்மணியில், 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அத்தீயிலிருந்து எவரும் முப்புரிநூலுடன் எழுந்து வரவில்லை. இதை அறிந்த ஒருவர், நந்தனார் சரித்திரத்தின் கடைசிக் கீர்த்தனைகளைக் கண்ணீரும் களிப்புமாக மட்டும் கேட்டுக்கொண்டிருத்தல் இயலாது. நானும் அப்படிக் கேட்பதில்லை. எனினும், விடுப்பு வேண்டி நந்தனார் பாடும் பகுதி வரும்போது எழுந்துபோக எனக்குக் கால் வருவதுமில்லை.

பாட்டை நம்மவர் ஒருவர் வேறு வகையில் பயன்படுத்திக்கொண்டார். ஆரணியை அடுத்த ஊரில் 1890இல் எளிய குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார். ஊர் ஊராய்ப் பாடப்பட்டு வந்த நந்தனாரின் பெயரை அவர் தம் மடத்திற்குச் சூட்டினார்; 1916இல் அதே பெயரில் பள்ளியையும் கல்விக் கழகத்தையும் தொடங்கினார். சட்டமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராயிருந்து தாழ்த்தப்பட்டோர்க்காகப் பேசினார். ஆலய நுழைவை அனுமதிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியதைக் கண்டு, 1959இல் மறைந்தார். தில்லையின் எல்லையில் நந்தனார் நின்றதாகப் பாடப்படும் அதே ஊரில், நந்தனார் என்னும் பெயர்ப்பலகையின் கீழ் நம் பிள்ளைகள் அகரம் எழுதினார்கள். தீயில் மூழ்கச் சொல்லாமல் சேர்த்துக்கொண்ட வாயில் அது. நம் சங்கத்தைப்போலத் தமிழகமெங்கும் பின்னர்த் தோன்றிய கல்விச் சங்கங்களுக்கு அப்பள்ளி முன்னோடிகளுள் ஒன்று.

இன்று பாரதியாரின் கீர்த்தனைகள் சென்னைச் சபாக்களில் கச்சேரியின் பிற்பகுதியில், துக்கடாக்களோடு சேர்த்துப் பாடப்படுகின்றன. முழுச் சரித்திரத்தையும் இரவு முழுதும் தொடர்ந்து நடத்துவோர் அருகிவிட்டனர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவில், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வானொலியில் கேட்டுப் பழகியதாக அந்த மாஞ்சிக் கீர்த்தனையைப் பாடினாள். மிருதங்கம் எங்களிடம் இல்லை. அவளுடைய வகுப்புத் தோழன், தன் பாட்டனாரின் பறையைக் கொண்டுவந்து, குச்சியை வைத்துவிட்டு விரல்களால் மட்டும் மெதுவாக வாசித்தான். மாணவர்களும் பெற்றோரும் ஒரே பந்தலில் அமர்ந்து கேட்டோம். இரண்டாம் முறையும் பாடச் சொன்னார்கள், பாடினாள்.